மூன்று மீட்டரில் ஒரு முதுகு

கதவைத் திறந்த பெண்மணி கனிஷாயை உள்ளே விட்டதும் பூட்டில் சாவியை இரண்டு சுற்று திருப்பினாள், சாவியைக் கழுத்துக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு முன்னால் போனாள். அவள் போன விதம்தான் விநோதமாக இருந்தது. இடது தோளைச் சுவரில் உரசிக்கொண்டு, வயிற்றை எக்கிக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்தாள். நடைக்கூடம் நல்ல அகலம். நடுவில் ஒரு நாற்காலியோ ஷூ பெட்டியோ எதுவும் கிடையாது. ஆனாலும் வழியை மறித்து யாரோ நிற்பதுபோலவும், அவர்மேல் இடிபடாமல் கடப்பதுபோலவும் அவள் போனாள்.

"சுவரை ஒட்டியே வாம்மா."

"தரை வழுக்குமாக்கா?"

"வழுக்காது. ஒட்டியே வா."

கண் தெரியாததால் இருக்கும் என்று கனிஷாய் நினைத்துக்கொண்டாள். ருஃபினாவின் இரண்டு கண்மணிகளிலும் பால் தோய்த்தது மாதிரி வெண்மை படர்ந்திருந்தது. வயது அறுபது இருக்கும், தாத்தார் இனத்தவள், தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தாள். நேற்று விளம்பரம் பார்த்துப் போனில் லென்ஸ் பற்றிக் கேட்டபோது, விலை சொல்வதற்கு முன்னால் அவள் கேட்ட கேள்வி இதுதான்: "உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா? கண்ணாடி போடுவியா?" அதற்கும் இப்போது காரணம் புரிந்தது போலிருந்தது. தன் கண் போனவர்கள் பிறர் கண்ணை விசாரிப்பது இயல்புதானே.

கனிஷாய்க்கு லென்ஸ் அவசரமாக வேண்டியிருந்தது. போன வாரம் டோக்மோக் என்ற ஊரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆடிக்கொண்டே பின்னால் வந்து இடுப்பால் கேமரா முக்காலியைத் தள்ளிவிட்டார். கேமரா எப்படியோ பிழைத்தது. லென்ஸ் பளிங்குத் தரையில் முகம் குப்புற விழுந்தது. தாய்மாமன் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார், பிறகு அடுத்த பாட்டுக்கு ஆடப் போய்விட்டார். கணவன் தலாந்த் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். குளிர்காலத்தில் அங்கே வேலை நின்றுவிடும். வீடு ஓடுவது அவளுடைய கேமராவில்தான். இந்தச் சனிக்கிழமை இன்னொரு கல்யாணம், முன்பணமும் வாங்கியாகிவிட்டது. கடையில் புது லென்ஸின் விலையைக் கேட்டுவிட்டு வந்தபோது, அவளைத் தன் டாக்ஸியில் எங்கும் கூட்டிப்போகும் கொழுந்தன் எர்மெக் சொன்னான்: "அந்தக் காசுக்கு ஒரு குதிரை வாங்கலாம் அண்ணி. குதிரையாவது குட்டி போடும்."

அவன்தான் இப்போது கீழே காரில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். "சீக்கிரம் வாங்கண்ணி, ஹீட்டர் போட்டா பெட்ரோல் போகுது, போடாட்டி நான் போறேன்" என்று சொல்லித்தான் அவளை மேலே அனுப்பியிருந்தான்.

மின்சாரம் இல்லை. குளிர்காலம் முழுக்க பிஷ்கெக்கில் இந்த நேரத்துக்கு ஏதாவது ஒரு பக்கம் இருண்டுவிடும். லிஃப்ட் ஓடாததால் நான்கு மாடியும் ஏறித்தான் வந்திருந்தாள். பழைய காலத்துக் கட்டடம், உயரமான கூரை, ரயில் பெட்டி மாதிரி நீண்டுகிடக்கும் வீடு. ஒரு முனையில் வாசல் கதவு, அதிலிருந்து நேராக நடைக்கூடம், மறுமுனையில் இந்த அறை. அறையின் ஒரே ஜன்னலைக் குளிர் வராமல் இருக்க விளிம்பெல்லாம் காகிதப் பட்டை ஒட்டி அடைத்திருந்தார்கள். அதன் வழியே சாம்பல் நிறத்தில் அந்தி வெளிச்சம் வந்தது. கரிப்புகையின் மெல்லிய வாடை, அதனோடு நாட்பட்ட தேயிலை வாடை, அவற்றுக்கெல்லாம் அடியில் ஈரக் கம்பளியின் வாடை. யாரோ இப்போதுதான் வெளியிலிருந்து வந்து கோட்டைக் கழற்றி மாட்டியது போல. நடைக்கூடத்தில் கோட் மாட்டும் கொக்கிகள் இருந்தன. ஒன்றிலும் கோட் இல்லை.

மேசையில் விரித்திருந்த துணியின் மேல் மூன்று லென்ஸ்கள்.

"என் வீட்டுக்காரரோடது. ஷாமில். போட்டோ எடுக்கறதுதான் தொழில் அவருக்கு. எனக்கு இனிமே எதுக்கு? எடுத்துப் பாரு," என்றாள் ருஃபினா. கிண்ணத்தில் தேநீர் ஊற்றினாள். ஊற்றும்போது விளிம்பில் விரல் வைத்துச் சூடு வந்ததும் நிறுத்தினாள்.

கனிஷாய் ஒவ்வொன்றாக ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். நீளமானது நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர். கல்யாண மண்டபத்தில் மறுகோடிக்குப் போய் நின்றால்தான் அதற்குள் இரண்டு பேர் அடங்குவார்கள், நடுவில் ஊரே ஆடிக்கொண்டிருக்கும். குட்டையானது முப்பத்தைந்து. நல்ல லென்ஸ்தான், ஆனால் உள்கண்ணாடியில் சிலந்தி இழைபோலப் பூஞ்சை ஓடியிருந்தது. விளக்கு எதிரே வந்தால் படம் வெளுத்துவிடும். மூன்றாவது எண்பத்தைந்து. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. எடை இருந்தது, கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, வளையம் நெய்யில் சுற்றுவதுபோலச் சுற்றியது. மங்கிய வெளிச்சத்தில் முகம் எடுக்க இதைவிட வேறு வேண்டாம். இதற்கும் ருஃபினா போனில் அந்தப் பூஞ்சை பிடித்ததன் விலையைத்தான் சொல்லியிருந்தாள்.

"இதை எடுத்துக்கிறேன்க்கா."

"சோதிச்சுப் பாத்துட்டு எடு. அப்புறம் குறை சொல்லக் கூடாது. அந்த நாற்காலில உக்காரு. அங்கேருந்து வாசல் வரைக்கும் நேராத் தெரியும்."

நாற்காலி ஏற்கெனவே நடைக்கூடத்தைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது.

கனிஷாய் இணைப்பு வளையத்தை மாட்டி லென்ஸைக் கேமராவில் பொருத்தினாள். பழைய லென்ஸ், தானாகக் குவியாது. கையால்தான் லென்ஸின் வளையத்தைத் திருப்ப வேண்டும். வளையத்தைச் சுற்றி மீட்டர் எண்கள் பொறித்திருந்தன. எந்த எண்ணில் நிறுத்துகிறோமோ அவ்வளவு தூரத்தில் இருப்பது மட்டும் தெளியும், அதற்கு முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் புகை. பத்தில் வைத்தபோது வாசல் கதவு தெளிந்தது. பித்தளைக் கைப்பிடி, அதன் மேல் பட்ட அந்திவெளிச்சம், குளிருக்காகக் கதவில் பதித்த தோலில் ஒரு கிழிசல், கிழிசலில் எட்டிப்பார்த்த பஞ்சு, எல்லாம். அவளுக்கு உள்ளே ஒரு சந்தோஷம் பரவியது. சனிக்கிழமை மணப்பெண்ணின் இமைமயிர் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும் என்று நினைத்தாள்.

வளையம் எங்காவது இறுகுகிறதா என்று பார்க்க மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தாள். கதவு கரைந்தது. ஐந்தில் சுவரின் விரிசல் ஒன்று தெளிந்து மறைந்தது. நான்கு. வெறும் தரை. மூன்று.

மூன்றில் கம்பளி.

திரை முழுக்கச் சாம்பல் நிறக் கம்பளி நெசவு. இழை இழையாக. நடுவில் மேலிருந்து கீழே ஓடும் ஒரு தையல்.

கேமராவைத் தாழ்த்தினாள். நடைக்கூடம் காலியாக இருந்தது.

மீண்டும் உயர்த்தினாள். ஒரு கோட்டின் முதுகு. அகலமான தோள்கள். மேலே மடிக்காத காலர், ஒட்ட வெட்டிய பிடரி. வாசலைப் பார்த்தபடி, இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாரோ நின்றிருந்தார். இரு தோள்களிலும் பனி. இப்போதுதான் விழுந்த பனி, தூள் கலையாமல்.

ஒரு மயிரிழை வளையத்தைத் திருப்பினாள். ஒன்றுமில்லை. எந்தப் பொருளானாலும் லென்ஸில் முதலில் கறையாகத் தெரியும், பிறகு மெல்ல மெல்ல விளிம்பு கூடும். பன்னிரண்டு வருடமாக அவள் பார்த்துவருவது அதைத்தான். இதற்குக் கறை இல்லை. மூன்றில் இருந்தது. மூன்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இல்லவே இல்லை.

"எதுலம்மா தெளிஞ்சுது?" என்றாள் ருஃபினா.

அவள் கேட்ட குரல், ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரிடம் கேட்கும் குரல்.

"என்னது?"

"வளையத்துல நம்பர் இருக்குல்ல. எந்த நம்பர்ல தெளிஞ்சுதுன்னு படிச்சுச் சொல்லு."

கனிஷாய் வளையத்தைப் பார்த்தாள். "மூணு."

ருஃபினாவின் கிண்ணம் தட்டில் மோதிச் சிணுங்கியது. அவள் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"பனி இருக்கா தோள்ல?"

"அக்கா, என்ன இது? யார் அது?"

"யாருன்னு தெரியாது. சத்தியமாத் தெரியாது. ஷாமில்தான் முதல்ல பாத்தாரு, இதே லென்ஸை வாங்கிட்டு வந்த அன்னைக்கு. லென்ஸ்லதான் கோளாறுன்னு வேற லென்ஸ் போட்டாரு. எதைப் போட்டாலும் பத்துல நின்னுது, கதவுகிட்ட. அப்புறம் பழகிப்போச்சு. மாசாமாசம் பாத்துட்டு வந்து சாப்பிடும்போது சொல்லுவாரு, 'பத்து'ன்னு. வேற ஒண்ணும் பேச மாட்டோம். பத்துன்னா எனக்கு நிம்மதி. வருஷக்கணக்கா பத்துதான்." அவள் தலைத்துணியின் முனையால் வாயைத் துடைத்தாள். "அவரு போயிட்டாரு. என் கண்ணும் போச்சு. எங்க நிக்குதுன்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கறது? என் வீட்லயே எது எங்க நிக்குதுன்னு தெரியாம நான் எப்படிப் படுத்துத் தூங்கறது?"

"அதனாலதான் விளம்பரமா?"

"இலையுதிர் காலத்துல ஒரு பையன் வந்தான். அஞ்சுன்னான். லென்ஸை இங்கயே போட்டுட்டு ஓடிட்டான்."

கனிஷாய் எழுந்து பையை மாட்டினாள். "நான் போறேன். கதவைத் திறந்துவிடுங்க."

"கதவு அங்கதானம்மா இருக்கு."

ருஃபினா சும்மா கையைக் காட்டினாள். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கை காட்டிய திசையில் நடைக்கூடம் இருந்தது, அதன் மறுமுனையில் வாசல் இருந்தது, நடுவில் அது இருந்தது. இந்த வீட்டுக்கு வேறு வழி இல்லை. ஜன்னல் ஒட்டிக்கிடந்தது. கீழே நான்கு மாடி.

"சுவரை ஒட்டிப் போ. என்னை ஒருநாளும் தொட்டதில்ல. நானும் வழிவிட்டுத்தானே நடக்கறேன்."

கனிஷாய் அறை வாசலுக்கு வந்தாள். வரும்போது யோசிக்காமல் கடந்த நடைக்கூடம். வலது கையால் சுவரைத் தொட்டாள். சுவர்க்காகிதம் சில்லென்றிருந்தது. ஒரு அடி வைத்தாள். ஈரக் கம்பளி வாடை சட்டென்று அடர்ந்தது, ஒரு கூட்டமான பேருந்தில் யாரோ முகத்தருகே வந்து நின்றதுபோல. சத்தம் எதுவும் இல்லை. எங்கே நிற்கிறது? நடுவிலா? வலது பக்கமா? அவள் நின்ற இடத்திலேயே கேமராவை உயர்த்தினாள். வளையத்தை மூன்றுக்குக் கொண்டுவந்தாள்.

மூன்றில் இல்லை.

அவளே நாற்காலியை விட்டு முன்னால் வந்திருக்கிறாள், அதனால் இரண்டாக இருக்கும் என்று திருப்பினாள்.

இரண்டிலும் இல்லை.

ஒன்றரையில் பிடரி. மயிர்க்கால் ஒவ்வொன்றும். காலரின் உள்விளிம்பில் அழுக்குக் கோடு. தோளில் ஒரு பனித்துகள், ஆறு முனைகளும் உடையாமல்.

அது பின்னோக்கி நடந்து வந்திருந்தது.

எப்படி அறைக்குள் திரும்பினாள் என்று தெரியவில்லை. மேசை முதுகில் இடித்தது. போனை எடுத்தாள்.

"எர்மெக், மேல வா."

"என்னண்ணி, தூக்க முடியாத அளவுக்கு வாங்கிட்டீங்களா?" வாயில் விதை மெல்லும் சத்தம்.

"விளையாடாத. நாலாவது மாடி, இடதுபக்கக் கதவு. வந்து வெளிய நில்லு. உள்ள வராத. கேக்குதா? உள்ள வராத."

"அண்ணி, அழுறீங்களா? யார் அங்க? யாராவது எதாவது சொன்னாங்களா?"

"வா."

காத்திருந்தார்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு சாயல் குறைந்தது. கனிஷாய் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அது இப்போது மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில், அறை வாசலுக்குச் சற்று அப்பால் நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தால் நகரவில்லை. கண் சிமிட்டப் பயமாக இருந்தது. கண்ணில் நீர் கோத்தது. படிக்கட்டில் ஷூ சத்தம் கேட்டது, இரண்டு இரண்டு படியாகத் தாவி வரும் சத்தம். பிறகு கதவில் தட்டல்.

"அண்ணி!"

"நான் போய்த் திறக்கறேன்," என்றாள் ருஃபினா. அவள் முகம் வெளிறியிருந்தது. "நீ பாத்துச் சொல்லு. எந்தப் பக்கம் இடம் இருக்கு?"

"இடது. இடது பக்கம்."

ருஃபினா சுவரில் ஒட்டிக்கொண்டாள். இரு உள்ளங்கைகளும் பின்னால் சுவரில் பதிய, அங்குலம் அங்குலமாகப் போனாள். கனிஷாய் அவளையும் அதையும் ஒரே சட்டத்தில் பார்த்தாள். கிழவியின் மூக்கு அந்தக் கோட்டின் கைக்கு நேரே வந்தது.

"இன்னும் ஒட்டி, அக்கா. இன்னும்."

"படுமா?"

"மூச்சு விடாதீங்க."

கடந்துவிட்டாள். அது திரும்பவில்லை. கழுத்துக் கயிறு உருவப்படும் ஓசை. சாவி ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கதவு திறந்தது, படிக்கட்டின் குளிர் உள்ளே பாய்ந்தது, எர்மெக்கின் போன் விளக்கு நடைக்கூடம் முழுக்க வெள்ளையாக விழுந்தது. காலியான நடைக்கூடம். மறுமுனையில் கண்ணில் கேமராவும் கன்னத்தில் கண்ணீருமாக அவனுடைய அண்ணி.

"அங்கயே நில்லு எர்மெக்!"

"என்னண்ணி ஆச்சு? இந்தக் கிழவி எதாவது..."

"உள்ள வராத! வந்தாச் சுவரை ஒட்டி வா, நடுவுல வராத!"

அவன் நல்ல பையன். அண்ணி அழுதால் நின்று விசாரிக்கத் தெரியாதவன். தலாந்த் ரயிலேறியபோது, "வீட்டைப் பாத்துக்கடா" என்று சொன்னதை அவன் அப்படியே எடுத்துக்கொண்டவன். நடுவிலேயே வந்தான். பெரிய பெரிய அடியாக வைத்து, போனை முன்னால் நீட்டிக்கொண்டு. லென்ஸில் அவன் புகையாக இருந்தான், பிறகு நெருங்கினான், அந்தச் சாம்பல் தோளுக்கு மேலே அவன் முகம் தெளிந்தது. குளிரில் சிவந்த கன்னம், உதட்டோரத்தில் ஒட்டிய விதைத்தோல். அவளுக்குத் தைரியம் சொல்ல ஒரு சிரிப்பு.

கனிஷாய் அவன் முகத்தைப் பார்த்தது அதுதான் கடைசி.

போன் விளக்கு அணைந்தது. ஒரு நொடிதான். அவள் கேமராவைத் தாழ்த்தியபோது அவன் அறை வாசலில் நின்றிருந்தான், ஏற்கெனவே திரும்பி, வெளியே பார்த்தபடி.

"வாங்க அண்ணி. போலாம்."

அவன் தோள்களில் பனி இருந்தது.

வெளியே பனி பெய்யவில்லை. காலையிலிருந்து வானம் துடைத்து வைத்தது மாதிரி. அவன் மாடி வாசலில் நின்றபோது தோளில் ஒன்றும் இல்லை. இதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் வாசல் கதவு திறந்திருந்தது. அவளுக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது, திறந்திருந்த கதவு.

"பொண்ணே," ருஃபினா வாசலிலிருந்து கெஞ்சினாள். "போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை பாத்துச் சொல்லிட்டுப் போ. எங்க நிக்குது?"

கனிஷாய் பார்த்தாள். பத்து. ஐந்து. மூன்று. ஒன்றரை. ஒன்று. வளையம் நிற்கும் வரை திருப்பினாள். அறைக்குள்ளும் சுற்றிலும் பார்த்தாள். அறை வாசலில் நின்ற எர்மெக்கின் பக்கம் மட்டும் லென்ஸைத் திருப்பவில்லை.

"இல்லக்கா. காலியா இருக்கு."

"நிஜமாவா? பாத்துச் சொல்லு. நிஜமா?"

"எங்கயும் இல்ல."

ருஃபினா சுவரிலிருந்து கையை எடுத்தாள். நடைக்கூடத்தின் நடுவுக்கு வந்து நின்றாள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுதாக விரித்தாள். விரித்தபடியே நடந்துவந்தாள், ஒரு அடி, இன்னொரு அடி, கயிற்றின் மேல் நடப்பவள் மாதிரி, வெண்மை படர்ந்த கண்களிலிருந்து நீர் வழிய, வாயைத் திறந்து சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டு. தன் வீட்டின் நடுவில் நடந்து எத்தனை காலம் ஆயிற்றோ. கனிஷாய் நீட்டிய பணத்தை அவள் தள்ளிவிட்டாள். "வேண்டாம். நீயே வச்சுக்கோ. லென்ஸும் உனக்குத்தான். மூணையும் எடுத்துட்டுப் போ. போயிடு."

எர்மெக் நடக்கத் தொடங்கினான்.

அவன் பக்கத்தில் வந்ததும் ருஃபினா சிரிப்பை நிறுத்தினாள். கைகளை மடக்கினாள். சுவரோடு ஒட்டிக்கொண்டு, வயிற்றை எக்கி, அவனுக்கு வழிவிட்டாள்.

பின்னால் கதவு பூட்டப்பட்டது. இரண்டு சுற்று.

படிக்கட்டில் அவன் முன்னால் இறங்கினான். ஒவ்வொரு படியாக. விளக்கைப் போடவில்லை. அவள் கைப்பிடியைத் தடவிக்கொண்டு பின்னால் இறங்கினாள். தெருவில் நல்ல உறைபனிக் குளிர், காற்றில் கரிப்புகை, தூரத்தில் இறைச்சிச் சம்சா சுடும் அடுப்பின் வாடை. இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே கடந்து போனார்கள். சாதாரணத் தெரு. அவர்களோடு சேர்ந்து நடந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. என்ன சொல்லிக்கொண்டு? இது என் கொழுந்தன், இவனோடு போகப் பயமாக இருக்கிறது என்றா? முன்சீட்டில் கல்யாண விளக்குகளும் கம்பிக்கால்களும் அடைந்துகிடந்தன. அவள் எப்போதும் பின்னால்தான் உட்காருவாள். அவன் பின்கதவைத் திறந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். உட்கார்ந்தாள். சாத்தினான். அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது. கைப்பிடி உடைந்து மாதமாகிறது. "சரிபண்ணிடறேன் அண்ணி, பயணி காசு தராம ஓடாம இருக்க இது நல்லதுதான்" என்று சொல்லிச் சொல்லியே ஓட்டிக்கொண்டிருந்தான்.

கார் கிளம்பியது.

"எர்மெக்."

"ம்."

"பனி எப்படி உன் மேல?"

ஹீட்டர் முழு வேகத்தில் ஊதியது. அவள் கன்னம் சுட்டது. கோட்டின் மேல் பனி உருகவில்லை. எர்மெக்கிடம் இருந்தது நீல நிறக் குட்டை ஜாக்கெட் என்பது அப்போதுதான் உறைத்தது. ஓட்டுநர் இருக்கையில் நிறைந்திருந்தது சாம்பல் நிறக் கோட். கம்பளி வாடை கண்ணாடி ஏற்றிய காருக்குள் இறுகியது. இந்தக் காரில் எப்போதும் ஏதாவது சத்தம் இருக்கும். பாட்டு, விதைத்தோல், முன்னால் போகும் வண்டிக்காரனைத் திட்டுவது. இப்போது டயரின் கீழே உறைந்த சாலை நொறுங்கும் சத்தம் மட்டும்.

பாலம் வந்தது. பாலத்துக்கு அடுத்த வலது திருப்பம்தான் அவர்கள் தெரு. மகள் பக்கத்து வீட்டில் இருப்பாள். மாமியார் நூடுல்ஸ் மாவு திரட்டிக்கொண்டிருப்பாள்.

வலது போய்விட்டது.

"எர்மெக், நம்ம தெரு போயிடுச்சு."

"தெரியும் அண்ணி."

அவன் குரல்தான். ஆனால் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு பேசும் ஒருவரின் குரல், சுவரில் மோதித் திரும்பி வருவது போல.

அவள் கைப்பிடியை இழுத்தாள். உடைந்த கைப்பிடி. கண்ணாடியில் அடித்தாள். வெளியே மின்சாரம் இல்லாத வீடுகள் வரிசையாகப் போயின. பிறகு வீடுகள் குறைந்தன. பிறகு வயல். வேகம் கூடவில்லை, குறையவும் இல்லை. மேடுபள்ளம் பார்த்து, பொறுமையாக, நன்றாகத்தான் ஓட்டினான்.

எர்மெக் தானா? அவன் கண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். வம்பு பேசும்போதெல்லாம் அவன் மேலே இருக்கும் கண்ணாடி வழியாகத்தான் அவளைப் பார்ப்பான்.

அவள் இருக்கையின் நடுவுக்கு நகர்ந்தாள்.

கண்ணாடியைப் பார்த்தாள்.

சாலையைப் பார்த்திருக்க வேண்டிய பக்கம் அதில் தெரிந்தது.

கண்கள் இல்லை. நெற்றி இல்லை. மூக்கு இல்லை.

ஒட்ட வெட்டிய முடி.

பிடரி.

நிமிர்ந்த காலர், அதன் மேல் பனி.

அவளுக்கு முன்னால் ஒரு அடி தூரத்தில், இருக்கைக்கு மேலே, அதே பிடரி. கண்ணாடியிலும் அதே. எந்தப் பக்கமும் முகம் இல்லாத அது லேசாக அசைந்தது. கியர் மாற்றியது. வளைவில் சைகை விளக்குப் போட்டது.

"பெல்ட் போட்டுக்கோங்க அண்ணி," என்றது.